கொதி, கைச்சூடு, பச்சை

பெயின்டர் வீட்டில் தண்ணீருக்கு மூன்றே சூடுதான். கொதி, கைச்சூடு, பச்சை. அவர் மனைவி போட்ட சட்டம் அது, மேல்முறையீடு கிடையாது. விரலை விட்டால் ஐயோ என்று இழுத்துக்கொள்ள வேண்டியிருந்தால் அது கொதி. கையை விட்டு, அட சுகமாக இருக்கிறதே என்று கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருக்கத் தோன்றினால் கைச்சூடு. குழாயிலிருந்து வந்தது வந்தபடி இருந்தால் பச்சைத் தண்ணீர், வீட்டுப் பேச்சில் சுருக்கமாகப் பச்சை. படுக்கை விரிப்பு, துண்டு, பெயின்டர் வேலைக்குப் போட்டுக்கொண்டு போகும் வெள்ளை மேலங்கி எல்லாம் கொதிக்கு. அன்றாடச் சட்டை, பாவாடை வகையறா கைச்சூட்டுக்கு. கம்பளி, பட்டு, சாயம் போகிற துணி, அப்புறம் யாராவது ஆசையாக வாங்கிக்கொடுத்தது எதுவானாலும் பச்சைக்கு.

மகள் வேலைக்குப் போன கையோடு ஒரு வாஷிங் மெஷின் வாங்கி இறக்கினாள். அதன் குமிழைச் சுற்றி முப்பது, நாற்பது, அறுபது என்று எண்கள். அம்மாக்காரி அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தண்ணி என்ன பரீட்சையா எழுதியிருக்கு, மார்க் போட்டு வைக்க என்று கேட்டாள். அத்தோடு மெஷின் மூலையில் போர்வை மூடி உட்கார்ந்துவிட்டது. மகள் முகம் வாடுவதைப் பார்க்கப் பொறுக்காமல் பெயின்டர்தான் ஒரு வழி கண்டுபிடித்தார். ஜன்னல் கம்பிக்கு அடிக்கிற வெள்ளை எனாமலைக் கொஞ்சம் எடுத்து, மெல்லிய தூரிகையால் குமிழைச் சுற்றி கொ, கை, ப என்று எழுதினார். அன்றைக்கே மெஷின் ஓடத் தொடங்கியது. காலப்போக்கில் சோப்புக் கை பட்டுப் பட்டுக் கம்பெனிக்காரன் அச்சடித்த எண்கள் அழிந்துபோயின. பெயின்டர் எழுதியது அப்படியே நின்றது. இதை வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் சொல்லிப் பீற்றிக்கொள்வார்.

துணியோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. அந்த அம்மாள் மனிதர்களையும் இந்த மூன்றில் போட்டுத்தான் பார்ப்பாள். மேல்வீட்டுக்காரி கொதி. எவ்வளவு சூடாகச் சொன்னாலும் உறைக்காது, மறுநாள் காலையில் வெளுத்துப் பளிச்சென்று வாசலில் வந்து நிற்பாள். மகள் பச்சை. ஒரு சொல் சூடாக விழுந்தால் போதும், சுருங்கிவிடுவாள், அப்புறம் இழுத்து நீவிச் சரிசெய்ய ஒரு வாரம் ஆகும். பெயின்டர் கைச்சூடு. கொஞ்ச நேரம் ஊறப்போட்டால் போதுமாம், எதை மறைத்து வைத்திருந்தாலும் தானாக வெளியே வந்துவிடுமாம். சரி, நீ எது என்று அவர் ஒருநாள் கேட்டார். துவைக்கிறவளுக்கு ஏதுங்க சூடு என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குத் துணியை உதறப் போய்விட்டாள்.

கல்யாணமான புதிதில், மனைவி வெளியே போயிருந்த நேரம், உதவி செய்கிறேன் பேர்வழி என்று பெயின்டர் அவளுடைய பட்டுச் சட்டையைத் தன் மேலங்கியோடு சேர்த்துக் கொதியில் போட்டார். அவள் திரும்பி வந்து வாளியை எட்டிப் பார்த்தாள். அதன் பிறகு நடந்ததை அவர் சொல்லிக் கேட்க வேண்டும். துவைத்து, பிழிந்து, உதறி, காயப்போட்டுவிட்டாளாம் அவரை. ஆனால் அவள் கோபத்தின் அழகே அதுதான். கொதியில் ஆரம்பித்து, சாயங்காலத்துக்குள் கைச்சூட்டுக்கு வந்து, படுக்கப் போவதற்குள் பச்சையாகிவிடும். மறுநாள் அந்தப் பட்டைத் துண்டு துண்டாக வெட்டி, கண்ணாடி துடைத்துக்கொள்ளுங்கள் என்று அவர் கையிலேயே கொடுத்தாள். திட்டு வாங்கிய கதையை இவ்வளவு சந்தோஷமாகச் சொல்லும் ஆம்பளையை எங்கும் பார்க்க முடியாது.

அவளிடம் ஒரு ஸ்வெட்டர் இருந்தது. கத்தரிப்பூ நிறம். பெயின்டர் யாரோ ஒருவர் வீட்டுப் படுக்கையறைக்கு அந்த நிறத்தைக் கலந்து அடித்துவிட்டு வந்த நாளில், மேலங்கிக் கையில் தெறித்திருந்த சொட்டைப் பார்த்து, இது என்னங்க இவ்வளவு அழகா இருக்கு என்று ஆசைப்பட்டுவிட்டாள். மறுநாள் அவர் அந்தப் பெயின்டில் ஒரு குச்சியை முக்கிக் காயவைத்து எடுத்துக்கொண்டு, கம்பளி நூல் விற்கிற கடை கடையாக ஏறி இறங்கினார். கடைக்காரர்கள் இந்த மனிதருக்குக் கழன்றுவிட்டதோ என்று பார்த்தார்கள். குச்சிக்குப் பொருந்துகிற நூல் கிடைக்கும்வரை அவர் விடவில்லை. அவள் அதைப் பின்னி, பெரிய பெரிய பித்தான்களாகத் தேடித் தைத்துக்கொண்டாள். பச்சையில் மட்டும்தான் போடுவாள். முறுக்கிப் பிழியாமல், துண்டில் சுருட்டி அமுக்கி ஈரத்தை எடுத்து, சாப்பாட்டு மேசை மேல் பரப்பி உலரவிடுவாள். ஸ்வெட்டர் மேசையில் இருக்கிற நாளில் வீட்டில் எல்லோரும் தட்டை மடியில் வைத்துக்கொண்டுதான் சாப்பிட வேண்டும். யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

மறதி வந்தால் ஆட்களின் பெயரில்தான் ஆரம்பிக்கும் என்று சொல்வார்கள். அவளுக்குப் பெயர்களெல்லாம் நன்றாகவே இருந்தன. ஒருநாள் காலை ஈரச் சட்டையும் கையுமாக மெஷின் முன்னால் நின்றுகொண்டு, என்னங்க, இது எதுல என்று கேட்டாள். பெயின்டர் சிரித்தார். நாட்டுக்கே சட்டம் போட்டவள் நாட்டாமையைக் கேட்கிறாளா என்று கிண்டல் செய்தார். அவள் சிரிக்கவில்லை. அவர் மெதுவாக வந்து குமிழைக் கை பக்கம் திருப்பிவிட்டார். அந்தச் சிரிப்பை நினைக்கிற போதெல்லாம் இன்றைக்கும் அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பிறகு ஒவ்வொன்றாகப் போயிற்று. அடுப்பை அணைப்பது போயிற்று, வீட்டுக்கு வரும் வழி போயிற்று. மகள் வேறு ஊரில் கைக்குழந்தையோடு மல்லுக்கட்டிக்கொண்டு, வாரத்துக்கு ஒருமுறை ஓடி வந்து அழுதுவிட்டுப் போனாள். பெயின்டர் சமாளித்தார். ஏணியில் ஏறி ஏறித் தேய்ந்த முழங்காலை இழுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே அறை அறையாக நடந்தார். நான் பார்த்துக்கிறேன், நான் பார்த்துக்கிறேன் என்பதுதான் அவர் பேச்சு. கடைசியில் ஒரு மத்தியானம், அவர் கொஞ்சம் கண்ணயர்ந்த நேரத்தில், அவள் தண்ணீரைக் கொதிக்கவைத்து வாளியில் ஊற்றி, அதில் இரண்டு கையையும் முழங்கை வரை விட்டாள். அலறல் கேட்டு ஓடினார். அவள் கையை எடுக்கவில்லை. வலிக்கிறது என்று அழுதாள், ஆனால் எடுத்தால் வலி நிற்கும் என்பது தெரியவில்லை. அவர்தான் பிடித்து இழுத்தார்.

கை ஆறியது. அதற்குள் மகள் ஒரு முதியோர் இல்லத்தில் இடம் பார்த்துவிட்டாள். பெயின்டர் ஒத்துக்கொள்ளவில்லை, கத்தினார், சாப்பிடாமல் இருந்தார், பிறகு அந்தக் கைகளில் புதுத் தோல் இளஞ்சிவப்பாக வந்திருப்பதைப் பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டார்.

இல்லத்து வார்டன் அம்மா நல்ல மாதிரி. ஒன்றே ஒன்றுதான் கண்டிப்பாகச் சொன்னார். அங்கே அத்தனை பேர் துணியும் பெரிய மெஷினில் நல்ல சூட்டில்தான் துவைப்பார்களாம், நோய் தொற்றக் கூடாதில்லையா, அதனால் அந்தச் சூட்டைத் தாங்குகிற துணியாகக் கொண்டுவரச் சொன்னார். பெயின்டருக்கு அது புரிந்தது. கொதி தாங்குகிறவர்கள் மட்டும் உள்ளே வரலாம். எல்லோரையும் கொதி, கைச்சூடு, பச்சை என்று சொல்லிக்கொண்டிருந்த மனைவி, தான் எது என்று ஒருநாளும் சொல்லாமல் போய்விட்டாளே என்று பேருந்தில் வரும்போது நினைத்துக்கொண்டார்.

இல்லத்தில் சேர்ப்பதற்கு முந்தின நாள் அவள் துணிகளையெல்லாம் கட்டிலில் கொட்டினார். எது கொதி தாங்கும் என்று பார்க்க ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஒரு துணியை எடுத்துக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தாள், இடது பக்கம் போட்டாள். இன்னொன்று, வலது பக்கம். கை தானாக ஓடியது. கொஞ்ச நேரத்தில் கட்டிலில் மூன்று குவியல்கள், ஒரு துணிகூட இடம் மாறவில்லை. பெயின்டர் கொதிக் குவியலை எடுத்துப் பெட்டியில் வைத்தார். இதோ இருக்கிறாளே, இவளை எங்கே கொண்டுபோய் விடப்போகிறோம் என்று இருந்தது. மகளைக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று எழுந்தேவிட்டார்.

அவர் கொதிக் குவியலை மட்டும் பெட்டியில் வைத்திருப்பதை அவள் கவனித்தாள். மற்றதெல்லாம் வரலையா என்று கேட்டாள். அவர் பதில் சொல்வதற்குள், ஸ்வெட்டரை எடுத்துப் பச்சைக் குவியலின் உச்சியில் வைத்துவிட்டு, நீங்க யாரு, எங்க வீட்டுக்காரர் வந்தா எனக்குத் திட்டு விழும் என்றாள். பெயின்டர் திரும்ப உட்கார்ந்தார். அவள் வாழ்நாளில் அவரிடம் ஒரு திட்டும் வாங்கியதில்லை.

ஸ்வெட்டரை அவர் விட்டுவிட்டுப் போகவில்லை. அதன் நெஞ்சுப் பித்தானைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தால்தான் அவளுக்குப் பதற்றம் அடங்கும். வார்டன் அம்மாவிடம் கெஞ்சிக் கூத்தாடி, அதை நானே எடுத்துப்போய்த் துவைத்துக் கொண்டுவருகிறேன், உங்கள் மெஷின் பக்கமே வராது என்று அனுமதி வாங்கினார். அப்படியே செய்தார். வாரம் ஒருநாள் எடுத்துப் போவார், பச்சையில் அலசுவார், துண்டில் சுருட்டி அமுக்குவார், மேசையில் பரப்புவார், தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுவார். மறுநாள் கொண்டுபோய்க் கொடுப்பார்.

கொடுக்கிற அந்த நேரத்துக்காகத்தான் அவர் உயிரோடு இருந்தார் என்று சொன்னால் அது மிகையில்லை. அறைக்குள் நுழையும்போது அவள் அவரைத் தபால்காரரைப் பார்ப்பதுபோலத்தான் பார்ப்பாள். அவர் எதுவும் பேசாமல் ஸ்வெட்டரை மடியில் வைப்பார். அவள் அதன் கழுத்தை மடித்து, விரல்களுக்கு நடுவில் தேய்த்து, கன்னத்தில் ஒற்றிப் பார்ப்பாள். பார்த்துக்கொண்டே இருக்கும்போது முகம் மாறும்.

“பச்சையிலதானே போட்டீங்க?”

“ஆமா.”

“நம்பலாமா உங்களை?”

“மோந்து பாரேன்.”

பிறகு அவள், என்னங்க, சாப்பிட்டீங்களா என்பாள். சில நாள் அதோடு முடிந்துவிடும், சில நாள் மகளைப் பற்றிக்கூடக் கேட்பாள். மகள் பெயர் போய்விட்டது, அவர் பெயரும் போய்விட்டது, ஆனால் பச்சையில்தானே போட்டீர்கள் என்ற கேள்வி மட்டும் போகவில்லை. அது இருக்கிறவரை அவருக்கு மனைவி இருந்தாள். டாக்டர் என்ன சொன்னாலும் மகள் என்ன சொன்னாலும் அவர் கணக்கு அதுதான்.

மழைக்காலத்தில் பெயின்டர் காய்ச்சலில் விழுந்தார். சாதாரணக் காய்ச்சல் இல்லை, ஆளையே புரட்டிப்போட்டது. மேல்வீட்டுக்காரிதான் ரொட்டியும் பாலும் கொண்டுவந்து கொடுத்து, மாத்திரையை முழுங்குகிற வரை இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். கொதி என்று சொன்னது சரிதான், எந்தக் காய்ச்சலும் அவளை ஒன்றும் செய்யாது. இல்லத்துக்குப் போக முடியவில்லை. அந்த நேரம் பார்த்து இல்லத்தின் சலவைப் பிரிவிலிருந்து போன் வந்தது. அங்கே வேலை செய்கிற பெண், அங்கே வருகிற கிழவர்கள் எல்லோரையும் அப்பா என்றுதான் கூப்பிடுவாள்.

“அப்பா, அம்மாவோட ஸ்வெட்டர்ல சூப் கொட்டிடுச்சு. நீங்க வர்ற வரைக்கும் வச்சிருந்தா வீச்சம் அடிக்கும். எதுல போடட்டும்?”

“பச்சையில போடும்மா.”

“பச்சையிலயா? கம்பளி மாதிரி இருக்கேப்பா.”

“கம்பளிங்கறதாலதான் சொல்றேன். பச்சையில மட்டும்தான் போடணும். வேற எதுலயும் போட்டுடாதே.”

“நல்லாத் தெரியுமாப்பா?”

“அவளே சொல்லிக்கொடுத்தது,” என்றார் பெயின்டர். காய்ச்சலிலும் அவர் குரலில் ஒரு பெருமிதம் இருந்தது. அந்தப் பெண் தயங்கி, சரிப்பா, குடும்பத்துக்காரங்க சொன்னா நாங்க மீற மாட்டோம் என்று சொல்லி வைத்துவிட்டாள். அவர் திரும்பிப் படுத்து, ஒரு பெரிய காரியத்தைப் படுத்தபடியே முடித்துவிட்ட திருப்தியில் தூங்கிப்போனார்.

உடம்பு தேறி, கால் நடுக்கம் நின்றதும் முதல் வேலையாக இல்லத்துக்குக் கிளம்பினார். முகச்சவரம் செய்துகொண்டார், அவளுக்குப் பிடித்த கோடு போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டார். தாழ்வாரத்திலேயே அந்தச் சலவைப் பெண் காத்துக்கொண்டிருந்தாள். அவள் முகமே சரியில்லை. கொஞ்சம் உள்ளே வாங்கப்பா என்று சலவை அறைக்குக் கூட்டிப்போனாள். அவர் அந்த அறைக்குள் அதுவரை வந்ததே இல்லை. ஸ்வெட்டரைத் தானே துவைத்தவருக்கு அங்கே என்ன வேலை?

இஸ்திரி மேசை மேல் அது இருந்தது. பள்ளிக்கூடம் போகிற வயதுகூட வராத பிள்ளைக்குப் போடுகிற அளவு. இழைகளெல்லாம் ஒன்றோடொன்று பின்னி இறுகி, துணி தடித்துப் பலகைபோல் ஆகியிருந்தது. கை இரண்டும் குட்டையாக விறைத்து நின்றன. பித்தான்கள் மட்டும் சுருங்கவில்லை. அந்தச் சின்ன நெஞ்சில் பெரிய பெரிய பித்தான்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. கத்தரிப்பூ நிறம் மங்கிச் சாம்பலாகியிருந்தது.

“நீங்கதானேப்பா பச்சைன்னு சொன்னீங்க,” என்றாள் அவள். அழுதுவிடுவாள்போல் இருந்தது.

சுவரில் கொக்கிகளில் வலைப்பைகள் தொங்கின. நீலப் பை கையால் அலசுகிற துணிக்கு. சிவப்புப் பை நோயாளிகள் துணிக்கு. பச்சைப் பை பெரிய மெஷினுக்கு, கொதிக்கக் கொதிக்கத் துவைக்க. அவள் ஒவ்வொன்றாகக் காட்டிச் சொல்லிக்கொண்டே போனாள். பெயின்டருக்குப் பாதிக்கு மேல் காதில் விழவில்லை. ஆயுள் முழுக்கப் பச்சையைக் கலந்து பிழைத்த மனிதர் அவர். கிளிப்பச்சை, பாசிப்பச்சை, இலைப்பச்சை, வாடிக்கையாளர் எந்தப் பச்சையைக் கேட்கிறார் என்று தெரியாமல் ஒருநாளும் டப்பாவைத் திறந்ததில்லை. பச்சை என்றால் எந்தப் பச்சை என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையே. அவருக்குத் தெரிந்த அந்தப் பச்சைக்கு நிறமே கிடையாது. அது அவர் வீட்டுக் குழாயில் மட்டும் வருகிற பச்சை என்பது அவருக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

உன்மேல் தப்பில்லைம்மா, அது நாங்கள் வீட்டில் பேசிக்கொள்கிற பேச்சு என்று அவளுக்குச் சமாதானம் சொன்னார். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, இதே நிறத்தில் ஒன்று கடையில் வாங்கிக் கொடுத்துவிடலாமேப்பா, அம்மாவுக்கு எங்கே தெரியப்போகிறது என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். பெயின்டர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். விரலால் ஒரு தேய்ப்புத் தேய்த்தால் மனைவிக்குத் தெரிந்துவிடும். அதோடு, அவர் மனசுக்குள் வேறு ஒரு ஆசை முளைத்திருந்தது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். இதைக் காட்டினால் அவள் திட்டுவாள். பட்டுச் சட்டைக்குத் திட்டிய மாதிரி துவைத்துக் காயப்போடுவாள். போடட்டும். திட்டினால் தெரிந்துகொண்டாள் என்று அர்த்தம். ஊரான் ஒருவனை யாராவது அப்படித் திட்டுவார்களா? ஸ்வெட்டரைச் சட்டைக்கு உள்ளே மறைத்துக்கொண்டு, தப்பு செய்த பையன்போல அவள் அறைக்குப் போனார்.

அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். இல்லத்துப் பருத்தி அங்கி போட்டிருந்தாள். வெளுத்து வெளுத்து நிறமே இல்லாமல் போன அங்கி. வலது கை நெஞ்சில் எதையோ தேடிக்கொண்டிருந்தது. பித்தான் இருக்க வேண்டிய இடத்தில் விரல்கள் துணியைக் கிள்ளிக் கிள்ளி அந்த இடம் நைந்துபோயிருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்து, எப்போதும்போல ஒன்றும் பேசாமல் ஸ்வெட்டரை அவள் மடியில் வைத்தார்.

அவள் குனிந்து பார்த்தாள். கழுத்துப் பக்கத்தை மடிக்கப் பார்த்தாள், அது மடியவில்லை. விரல்களுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தாள். கன்னத்தில் ஒற்றினாள். ஒற்றியதும் முகம் மாறியது. பெயின்டர் திட்டுக்குக் காத்திருந்தார்.

“கொதியில போட்டுட்டாங்க,” என்றாள்.

அவர் எதிர்பார்த்திருந்தது போட்டுட்டீங்களே என்பதை. அவள் சொன்னது போட்டுட்டாங்க. வார்த்தையில் கடைசி ஓரம்தான் வேறு. அந்த ஓரத்தில் அவர் இல்லை.

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். கோபம் துளியும் இல்லை. பாவமே என்கிற பார்வை.

“உங்க சம்சாரத்தோடதா சார்?”

அவள் வாயிலிருந்து அவர் சார் என்ற வார்த்தையைக் கேட்டதே இல்லை. என்னங்க என்ற அழைப்புக்குப் பழகிய காது அதை வாங்கிக்கொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“ஆமா,” என்றார்.

“ஆசையாப் பின்னியிருக்காங்க. பித்தானைப் பாருங்க, எவ்வளவு தேடி வாங்கியிருப்பாங்க.” பித்தான் மேல் விரலை வைத்தாள். ஒரு கணம் அந்த விரல் திருகத் தொடங்கியது. பெயின்டர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். விரல் நின்றுவிட்டது. “திட்டுனாங்களா?”

“இன்னும் இல்ல.”

“திட்டுவாங்க. பயப்படாதீங்க சார். முதல்ல கொதிக்கும். சாயங்காலத்துக்குள்ள கைச்சூட்டுக்கு வந்துடும்.”

அவருக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டார், புதுத் தோல் வழுவழுப்பாக இருந்த அந்தக் கையை. நான்தான் பச்சைன்னு சொன்னேன், அவங்க வேற பச்சைன்னு நினைச்சுட்டாங்க, நான் நம்ம பச்சையைத்தான் சொன்னேன், நம்ம வீட்டுப் பச்சையை என்று சொல்லிக்கொண்டே போனார். கண்ணீர் மூக்கில் இறங்கிச் சட்டையில் சொட்டியது. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அழுகிற ஒரு பெரியவர் முன்னால் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று தெரிந்த பெண்மணி அவள். அவர் முடிக்கிறவரை பொறுத்திருந்தாள்.

“இதை என்கிட்ட ஏன் சார் சொல்றீங்க?” என்றாள் மெதுவாக. “வீட்டுல போய்ச் சொல்லுங்க. அவங்க இதைத் தேடிக்கிட்டு இருப்பாங்க.”

ஸ்வெட்டரை இரண்டாக மடிக்க முடியாமல், அப்படியே நீவி, பித்தான்களைச் சரிசெய்து, அவர் கையில் கொடுத்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கை மறுபடியும் நெஞ்சுக்குப் போய் அங்கியைக் கிள்ளத் தொடங்கியது. அவர் ஸ்வெட்டரிலிருந்து ஒரு பித்தானைப் பல்லால் கடித்து அறுத்து அவள் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். தேங்க்ஸ் சார் என்று வாங்கி ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டாள்.

போகச் சொல்லிவிட்டாளே என்று அவர் எழுந்து போனார். பேருந்தில் யாரோ இடம் கொடுத்தார்கள், உட்கார்ந்தார். வீட்டுக் கதவைத் திறந்து, செருப்பைக் கழற்றி, நேராகச் சாப்பாட்டு மேசைக்குப் போய் ஸ்வெட்டரை அதன் மேல் பரப்பினார். மேசையில் ஒரு மூலைக்குத்தான் அது போதுமானதாக இருந்தது, தாராளமாகத் தட்டு வைக்கலாம். அவர் தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பாதி சாப்பாட்டில் நிறுத்தி, மெஷின் இருக்கிற மூலையைப் பார்த்து, நான்தான் பச்சைன்னு சொன்னேன் என்று சத்தமாகச் சொன்னார். இன்னொரு தரமும் சொன்னார்.

வீட்டில் யாரும் திட்டவில்லை.